ஆள் கிடைக்கவில்லையா, முதலில் சம்பளத்தைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் நெருங்கும் நேரத்தில் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு ஆள் கிடைக்காமல் உரிமையாளர்கள் திண்டாடுகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. அதில் விடுதிக்காரர் ஒருவர், இந்தக் காலத்துப் படித்த பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை, எல்லாருக்கும் ஏசி ரூம் வேலைதான் வேண்டும் என்று அலுத்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் புல்வெளியில் உறைபனி கொட்டிக் கிடக்கிற ஊரில் ஏசி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, அது போகட்டும். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பவள். பி.காம் முடித்திருக்கிறேன், டேலி தெரியும், தமிழ் டைப்பிங் லோயர் பாஸ். படிப்பு முடிந்ததிலிருந்து வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் லைனில் மட்டும் என்னைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள், வேலை இல்லை என்று நாங்கள் சொல்கிறோம், இரண்டு தரப்பும் ஒரே மலையில்தான் இருக்கிறோம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நடுவில் என்ன இடிக்கிறது என்பதை உங்கள் செய்தியாளர் எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததால் நானே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழே இருப்பவர்களுக்கு நீலகிரி என்றால் பூங்காவும் படகும்தான். 2001 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 7,62,141 பேர், 2011-ல் 7,35,394 பேர். தமிழ்நாடு முழுக்க ஜனத்தொகை ஏறிய பத்து வருடத்தில் இங்கே இறங்கியிருக்கிறது. யாரும் பிள்ளை பெறாமல் இல்லை, பெற்ற பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். பெரிய வேலை இடம் என்று இங்கே விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் உண்டு. அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தியில் ஊசித் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவம், குன்னூரில் பாஸ்டியர் ஆய்வகம். ஊட்டி இந்து நகரில் 1960-ல் தொடங்கிய பிலிம் தொழிற்சாலை, எச்.பி.எஃப் என்று எல்லாரும் சொல்வது, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. இன்று அது மூடிக் கிடக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சம்பள நாளன்று அப்பா வாங்கி வந்த பண்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

உடனே ஒரு சிப்காட் தொழிற்பேட்டை கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மேலே பாதி நிலம் காடு, மீதியில் பாதி செங்குத்துச் சரிவு. 1993-லிருந்தே மாஸ்டர் பிளான் விதிகளின்படி இங்கே ஏழு மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப முடியாது, புகை கக்கும் தொழில் எதுவும் வர முடியாது. வரவும் கூடாது. ஆனால் தொழிற்சாலை வரக்கூடாத ஊரில் இருக்கிற வேலைகளாவது ஒழுங்காக ஆளிடம் வந்து சேர வேண்டாமா?

அந்த இருக்கிற வேலைகள் என்னென்ன என்று பாருங்கள். தேயிலைத் தோட்டம், தேயிலை ஃபேக்டரி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் தோட்டம், கேரட் கழுவும் இடம், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றுவது. லாட்ஜ், காட்டேஜ், ரிசார்ட். சாக்லேட் கடை, வர்க்கி பேக்கரி, தைலக் கடை. போர்டிங் ஸ்கூல்களில் ஆயா, வார்டன், ஆபீஸ். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். நல்ல காரியம், முன்பெல்லாம் நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் மலை இறங்க வேண்டும். அவ்வளவுதான். கணக்கு எழுதவும் கம்ப்யூட்டர் தட்டவும் படித்தவர்களுக்கு இதில் எத்தனை இடம் தேறும் என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வேலைக்கே போகலாமே என்பீர்கள். என் அம்மா போகிறார். தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் பதுளையிலிருந்து வந்தவர், அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. எங்களைப் போலத் தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. எங்கள் குடும்பம் தனியார் தோட்டத்தில் ஒதுங்கியது. அம்மா கொழுந்து பறிக்கும் வரைக்கும்தான் இந்த லைன் வீடு எங்களுக்கு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், வீட்டில் வேறு யாராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் ஒழிய. ஆகவே நான் வேலை தேடுவது கைச்செலவுக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம், இன்னும் சில வருடத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுகிற நிலையில் இந்த வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். நான் அம்மாவோடு போய்க் கொழுந்து பறித்திருக்கிறேன், கத்தரி பிடித்திருக்கிறேன், மழையில் அட்டைக் கடியோடு நின்றிருக்கிறேன். உடம்பு வளையும். நாள் கூலி நானூறு ரூபாய்க்குச் சற்று மேலே, அதுவும் எடை வந்தால்தான் முழுசு. சிறு விவசாயிகளோ பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லாமல், கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு 2023-ல் உண்ணாவிரதமே இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே வெளியே வேலை தேடும்போது நாங்கள் அங்கே போய் என்ன கேட்பது? ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பத்தோடு வந்து தங்கிப் பறிக்கிறார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, என் தாத்தாவும் அப்படி வந்து இறங்கியவர்தான்.

சரி, வேலை தேடுவது என்று சொல்கிறோமே, அது இங்கே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காலையில் எழுந்தால் முதலில் வாட்ஸ்அப் குரூப். நீலகிரி ஜாப்ஸ் என்ற மாதிரி ஏழெட்டு குரூப் ஓடுகிறது, ஒரே விளம்பரம் எல்லாவற்றிலும் சுற்றும், போன மாதத்து விளம்பரமே புதிதாகப் புறப்பட்டு வரும். அப்புறம் உங்கள் வரி விளம்பரம். அப்புறம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள், "பெண் பணியாளர் தேவை". இந்த மூன்றிலும் ஒரு விஷயம் மட்டும் இருக்காது. சம்பளம். "தகுதிக்கேற்ற ஊதியம்", "தகுந்த சம்பளம்", "சம்பளம் நேரில்". வயது போடுகிறார்கள், ஆணா பெண்ணா போடுகிறார்கள், தோற்றப் பொலிவு வேண்டும் என்றுகூடப் போடுகிறார்கள், எட்டாயிரமா பன்னிரண்டாயிரமா என்று மட்டும் போட மாட்டார்கள். போனில் கேட்டால், "முதல்ல நேர்ல வாம்மா, பேசிக்கலாம்". நேரில் போவதற்குத்தான் ஐயா காசு.

ஒரு காட்டேஜில் ரிசப்ஷனுக்கு ஆள் வேண்டும் என்று போனேன், பெயர் வேண்டாம். கோத்தகிரியிலிருந்து பஸ், இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை, ஆட்டோ கேட்டால் இருநூறு ரூபாய். மேனேஜர் வர மதியம் ஆனது. சர்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, இந்தி தெரியுமா என்றார், கொஞ்சம் என்றேன், சமாளித்துக்கொள்ளலாம் என்றார். காலை ஒன்பது மணிக்கு வந்தால் இரவு ஒன்பது மணி வரை. ரிசப்ஷன் என்று பெயர், ரூம் பாய் லீவு போட்டால் பெட்ஷீட் மாற்ற வேண்டும், காலை டிபன் நேரத்தில் பரிமாற வேண்டும். அதில் எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை, கடைசியாகச் சம்பளம் என்ன என்று கேட்டேன். எட்டாயிரம். சீசன் முடிந்தால் பார்த்து ஏற்றித் தருகிறோம். சீசனில் வார லீவு கிடையாது. அதையும் யோசித்தேன், வீட்டில் இருப்பதற்கு எட்டாயிரம் எட்டாயிரம்தானே. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு எப்படி வீடு திரும்புவது? எங்கள் லைனுக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு. மழை நாளில் அதுவும் வராது. அதற்கு மேல் இருட்டில் தேயிலைக்கு நடுவில் நடந்தால் காட்டுமாடு நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடி எந்த வளைவில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தங்கிக்கொள்ளலாமே என்றார். தங்குவதற்கு அவர் காட்டியது சமையலறைக்குப் பின்னால் ஒரே அறை, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒரு பெண் பிள்ளை அந்த அறையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கிளம்பினால் அதற்கு ஏசி ரூம் கேட்டாள் என்று அர்த்தமா?

இந்தக் கடைசி பஸ் விஷயத்தை நான் சும்மா இழுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள், எதற்குப் போக முடியவில்லை என்பதைச் சம்பளத்தைவிட அந்த ஏழரை மணி பஸ்தான் தீர்மானிக்கிறது. கடைகள் சீசனில் ஒன்பது, பத்து மணி வரை திறந்திருக்கும். டூரிஸ்ட் சாக்லேட் வாங்குவதே இருட்டிய பிறகுதான், பார்க்கும் இடமெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருவார்கள். ஆக, கடைக்காரருக்கு ஆள் தேவைப்படுகிற நேரமும் எங்களுக்கு பஸ் இல்லாத நேரமும் ஒன்று. 2024-லிருந்து மலையிலும் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆக்கினார்கள், அது வந்த பிறகு எங்கள் லைன் பெண்கள் குன்னூர் வரை வேலை கேட்டுப் போக ஆரம்பித்தார்கள், மறுக்கவே மாட்டேன். ஆனால் டிக்கெட் இல்லாத பஸ்ஸாக இருந்தாலும் பஸ் என்று ஒன்று வர வேண்டுமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை போட்டபோது, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கினால் அவர்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்றும் சேர்த்தே போட்டார்கள். கடை திறக்கும் பாதி இங்கே நன்றாக அமலாகிறது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது, நான் நுழைந்த கடைகளில் பாதியில் அந்த நாற்காலியில் முதலாளியின் பை உட்கார்ந்திருக்கிறது.

வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகலாமே என்று அடுத்து சொல்வார்கள். போயிருக்கிறேன். ஊட்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிறது, உள்ளே வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள், படிவம் நிரப்பத் தெரியாத பிள்ளைகளுக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்று ஒரு ஹால் முழுக்க மேஜை. முதல் மேஜை இன்ஷூரன்ஸ், மாதச் சம்பளம் கிடையாது, கமிஷன், முதலில் உன் சொந்தக்காரர்கள் லிஸ்ட் எழுது என்றார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கொழுந்து பறிக்கிறார்கள் என்றேன், அந்த அண்ணன் சிரித்துவிட்டார். அடுத்தது மைக்ரோ ஃபைனான்ஸ், வசூலுக்கு, சொந்தமாக பைக்கும் லைசென்ஸும் வேண்டும். அடுத்தது திருப்பூர் பனியன் கம்பெனி, அடுத்து கோவை ஸ்பின்னிங் மில், அடுத்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ், வயது 18 முதல் 25, ஹாஸ்டல், கேன்டீன், வேன் எல்லாம் உண்டு என்றார்கள். கையில் எவ்வளவு வரும் என்று கேட்டால் பிடித்தம் போக என்று ஒரு தொகை, பிடித்தம் எவ்வளவு என்று கேட்டால் அது அங்கே போனால் தெரியும். இதிலும் ஒரு நியாயம் உண்டு, அவர்களாவது மலையேறி வந்து எங்களைக் கேட்கிறார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஆள் கிடைக்கவில்லை என்று உங்கள் பத்திரிகையில் புலம்புகிற எங்கள் ஊர் விடுதிக்காரர்கள் யாருக்கும் அந்த ஹாலில் ஒரு மேஜைகூட இல்லை. அரசாங்கம் நாற்காலி போட்டு, மைக் வைத்து, வேலை வேண்டும் என்கிற பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டி வைத்திருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ராத்திரியெல்லாம் பயணம் செய்து வந்துவிட்டார், கீழ்த்தெரு லாட்ஜ்காரருக்கு வர நேரமில்லை.

அங்கே பக்கத்தில் நின்ற தங்கச்சி ஒருத்தி பந்தலூரிலிருந்து வந்திருந்தாள். கூடலூரிலிருந்தே ஊட்டி ஐம்பது கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அந்தப் பக்கம். விடியாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, பாதி வழியில் வாந்தி எடுத்து, பதினோரு மணிக்கு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்குக் கேரளாவின் சுல்தான் பத்தேரிதான் கிட்ட, வேலை என்றால் அவர்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் போகிறார்கள், மலையாளமும் நன்றாகப் பேசினாள். மூன்று மேஜையில் பயோடேட்டா கொடுத்தாள், மூன்றரைக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். முகாமை வருடத்தில் சில தடவையாவது கூடலூரில், கோத்தகிரியில் வைத்தால் என்ன? கல்யாண மண்டபம் இல்லாத ஊரா?

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது இதுதான். கணக்கு, ஆபீஸ் வேலை என்றால் இன்டர்வியூ எல்லாம் கீழேதான், கோவையில். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் வளைவு, அங்கிருந்து கோவை அதே அளவு, அப்புறம் காந்திபுரத்திலிருந்து பீளமேடோ சரவணம்பட்டியோ டவுன் பஸ். போக வர, சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் கரைந்துவிடும், அம்மாவின் ஒரு நாள் கூலியில் முக்கால்வாசி. மழை நாளில் மரம் விழுந்து ரோடு அடைபட்டால் இன்டர்வியூவும் போச்சு, திரும்பிப் போனால் தாமதமாக வந்தவள் என்ற பேர் வேறு. ஒரு ஜவுளிக்கடையின் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முந்தின நாள் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனேன், உள்ளே நுழைந்ததும் அந்த இடம் நேற்றே ஃபில் ஆகிவிட்டது, பில்லிங் கவுன்ட்டரில் நிற்கிறாயா என்றார்கள். போனில் அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. இதை வெளியே சொன்னால் எல்லாரிடமும் இதே கதை இருக்கிறது. வேலை இல்லாதவரிடம்தான் வேலை தேடுவதற்கான செலவு முழுவதையும் ஏற்றியிருக்கிறோம், ஆள் தேடுகிறவருக்கு ஒரு வரி விளம்பரத்தோடு செலவு முடிந்துவிடுகிறது.

அரசாங்கம் உதவித்தொகை தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாவது என்றால் 400, பத்தாவது பாஸ் என்றால் 300. மூன்று வருடம் கிடைக்கும். அதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அம்மா ஒருத்தர் தோட்டத்தில் முழுசாக வேலை பார்த்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். எனக்கு ஐந்து வருடம் இன்னும் ஆகவில்லை, ஆனாலும் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த 600 ரூபாய் இரண்டு முறை கோவை போய் வரத்தான். பல வருடமாக அந்தத் தொகை அப்படியே நிற்கிறது, பஸ் டிக்கெட் நிற்கவில்லை.

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி குரூப் ஃபோர் தேர்வு எழுதுகிறேன். எழுதாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. 2022-ல் 7,301 இடம் என்று அறிவித்தார்கள், சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், ஜூலையில் எழுதிய தேர்வுக்கு ரிசல்ட் அடுத்த மார்ச்சில் வந்தது. 2025-ல் அறிவிப்பில் இருந்த இடம் 3,935. படிக்கிறேன், லைப்ரரிக்குப் போகிறேன், அலுவலகத்தில் நடத்தும் இலவச வகுப்புக்கும் முடிந்தபோது போகிறேன், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஒரு வேலைத் திட்டம் என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார எங்களுக்குப் பின்னால் சொத்து எதுவும் இல்லை.

இடையில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு என்று மெசேஜ் வரும். வேலை தருகிறவன் எதற்கு நம்மிடம் பணம் கேட்கப் போகிறான் என்று யோசித்தாலே போதும், ஆனாலும் லைனில் ஓர் அக்கா கட்டிவிட்டார். சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்.

எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற யோசனை ஒன்று உண்டு, கீழே போய்விடு. என் கூடப் படித்தவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். ஒருத்தி கோவையில் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங்கில் இருக்கிறாள், பன்னிரண்டாயிரம் சம்பளம், ஹாஸ்டலுக்கு ஐந்தரை, பஸ், சாப்பாடு, போன் போக வீட்டுக்கு இரண்டாயிரம் அனுப்பினால் பெரிது. இங்கே வீட்டிலிருந்து போய் வருகிற மாதிரி பத்தாயிரத்துக்கு ஒரு வேலை இருந்தால் அவள் கையில் அதைவிட அதிகம் நிற்கும், அவள் அம்மாவுக்கு முட்டிவலி, கூடவும் இருந்திருப்பாள். நான் போகவே மாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. போக வேண்டியிருந்தால் போவேன். இங்கேயே வேலை இருக்கிறது, ஆள்தான் இல்லை என்று உங்கள் பத்திரிகையிலேயே போட்ட பிறகும் கிளம்பு என்றால் எப்படி?

அதனால் ஆசிரியர் அவர்களே, உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் நீலகிரிப் பதிப்பில் வருகிற "தேவை" விளம்பரங்களில் சம்பளம், வேலை நேரம், தங்கும் இடம் உண்டா இல்லையா, இந்த மூன்றும் இல்லாமல் விளம்பரம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு பேப்பருக்குப் போய்விடுவார்கள் என்றால், குறைந்தபட்சம் சம்பளம் போட்ட விளம்பரத்துக்கு ஒரு வரி இலவசம் என்றாவது வையுங்கள், இரண்டு மாதத்தில் யாருக்கு ஆள் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். எட்டாயிரம் என்று அச்சில் போட ஒருவருக்குக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சம் எங்களுக்கு நல்லதுதான்.

விடுதி உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ், அடுத்த வருடம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டிதான் என்று வரம்பு, சீசனே மூன்று மாதம், அதில் இரண்டு வாரம் மழையில் போய்விடுகிறது. வருடம் முழுக்கப் பன்னிரண்டாயிரம் கொடுக்க உங்களால் முடியாமல் இருக்கலாம். சீசனுக்கு மட்டும்தான் வேலை என்றால் அதையே சொல்லுங்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை, இவ்வளவு சம்பளம், இத்தனை மணிக்கு விடுவோம் என்று. சீசன் வேலைக்கு வர எங்களில் நிறையப் பேர் தயார், மீதி மாதத்தில் பரீட்சைக்குப் படிப்போம். முதல் பேச்சைப் போனிலேயே முடியுங்கள், வீடியோ காலில் முகம் பார்க்க வேண்டுமானாலும் பாருங்கள், எடுப்பது உறுதி என்றால் மட்டும் கூப்பிடுங்கள். ராத்திரி பஸ்ஸுக்கு நீங்கள் தனித்தனியாக ஒன்றும் செய்ய முடியாதுதான், நாலு லாட்ஜும் ஆறு கடையும் சேர்ந்தால் ஒரு வேன் வைக்கலாம், மேட்டுப்பாளையம் போகிற பால் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும் கூட்டாகப் பேசி வாடகை கொடுக்கத் தெரிந்த ஊர்தானே இது.

வேன் வேண்டாம், அரசு பஸ்ஸே போதும் என்றாலும் சரி. சீசன் மூன்று மாதத்துக்காவது கோத்தகிரி, குன்னூர் ஸ்டாண்டிலிருந்து கிராமங்களுக்கு இரவு ஒன்பதரைக்கு ஒரு நடை விடச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். நாங்கள் கொடுத்தால் லைன் பெண்கள் பஸ் கேட்டார்கள் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆள் இல்லை என்று பேட்டி கொடுத்த உரிமையாளர்கள் தங்கள் சங்கத்தின் லெட்டர்பேடில் கொடுத்தால் அதற்கு மதிப்பே வேறு. எழுத ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன், கையெழுத்து வாங்கவும் எங்கள் லைனிலிருந்து நாலு பேர் வருவோம்.

கடிதத்தைச் சுருக்கிப் போடுவதாக இருந்தால் சம்பள விஷயத்தையும் பஸ் விஷயத்தையும் மட்டும் வெட்டாமல் போடுங்கள். இன்னும் இரண்டு இடத்தில் பயோடேட்டா கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்